கடாரம் கொண்டான்! கொண்டு வந்தது என்ன?

“கடலுக்கு அப்பால் கொடி நாட்டிய குலம் எங்கள் குலம்! கடாரம் கொண்டவன் கால்வழி நாங்கள்! எவனுக்கு நாங்கள் இளைத்தவர்?”

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இப்படி முழங்கினான். இராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் உள்ள சிற்றூர் அது. மோகனூர்க் காவிரியைவிடப் பெரிய நீர்ப்பரப்பைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகள். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. தட்டியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தவனும் நானே என்பதை ஒளிப்பானேன்?

மறுநாள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து நின்றாள். “ஐயா, போர்ச்சுகீசியர் மலாக்காவை ஆக்கிரமித்தார்கள் என்று போன வாரம் சொன்னீர்கள். இராசேந்திரன் கடாரத்தை வென்றான் என்று நேற்று சொன்னீர்கள். எது ஆக்கிரமிப்பு, எது வெற்றி என்று எப்படி ஐயா பிரித்துப் பார்ப்பது?”

வரலாற்றில் பட்டம் பெற்றவன் நான். பட்டம் இருந்தது, பதில் இல்லை. “நாளை சொல்கிறேன், உட்கார்” என்றேன். அந்த நாளை வந்து பல நாள் ஆகிவிட்டது. அவளுக்குச் சொல்ல வேண்டியதை, அவளைப் போலவே கேட்கத் துணிந்த தோழர்கள் படிக்கும் இந்த ஏட்டில் எழுதுகிறேன்.

2025 சூலைத் திங்களில் கங்கைகொண்ட சோழபுரத்தில் நடந்த விழாவைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடாரப் படையெடுப்புக்கு ஆயிரம் ஆண்டு நிறைந்ததாம்! மாநில அரசு விழா எடுத்தது. டில்லியிலிருந்து தலைமை அமைச்சரே வந்தார். இராசேந்திரன் பெயரால் நாணயம் வெளியிடப்பட்டது. மற்ற எதிலும் ஒத்துப்போகாத இரு தரப்பும், ஒரு மன்னனின் வாளைக் கண்டதும் ஒரே குரலில் “ஆகா!” என்றன. இத்தகைய ஒற்றுமை தோன்றும் இடத்தில் பகுத்தறிவாளன் சற்று நின்று பார்ப்பது நல்லது.

நடந்தது என்ன? 1025ஆம் ஆண்டை ஒட்டி, இராசேந்திர சோழனின் கப்பற்படை வங்கக் கடலைக் கடந்து, இன்றைய சுமத்ரா, மலேசியா, தென் தாய்லாந்து ஆகியவற்றின் கரைகளைத் தாக்கிற்று. தஞ்சைப் பெரிய கோவிலில் பொறிக்கப்பட்ட மெய்க்கீர்த்தி இதற்குச் சான்று. சிறீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் எனப் பதின்மூன்று இடங்கள் அதிலே வரிசையாக நிற்கின்றன. நக்கவாரம் என்பது நிக்கோபார். கடாரம் என்பது மலேசியாவின் கெடா என்பர் ஆய்வாளர். அந்நாட்டு அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் யானைகளோடு பிடிபட்டான். அவன் சேர்த்து வைத்திருந்த பெருநிதி கவரப்பட்டது. சிறீவிசய நகரின் போர்வாயில் தோரணமும், மணி பதித்த கதவுகளும் கவர்ந்த பொருள்களின் பட்டியலில் இடம் பெறுகின்றன. இதை நான் சொல்லவில்லை, பகைவன் சொல்லவில்லை, பாராட்டுவதற்கென்றே அமர்த்தப்பட்ட புலவன் சொல்கிறான்!

அந்தப் புலவன் இன்னொன்றும் செய்கிறான். ஊர்களின் பெயரை வெறுமனே அடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைமொழி தருகிறான். நக்கவாரத்தைத் தேன் நிறைந்த சோலைகள் உடையது என்கிறான். தக்கோலத்தைக் கற்றறிந்தோர் புகழ்ந்த ஊர் என்கிறான். கற்றோர் போற்றிய ஊருக்குள் புகுந்து கொள்ளையிட்டதை வெட்கமின்றிக் கல்லில் வெட்டி வைத்தார்களே என்று முதலில் எரிச்சல் கொண்டேன். இப்போது அந்தப் புலவனுக்கு நன்றி சொல்கிறேன். படை புகுந்தது காட்டில் அன்று, கல்வியும் காவலும் உடைய நாட்டில் என்பதை அவன் அல்லவா நமக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்!

பதின்மூன்று இடங்களுக்கும் பெயர் உண்டு. துடுப்பு வலித்தவன், பாய் கட்டியவன், நடுக்கடலில் காய்ச்சல் கண்டு மாண்டவன் — இவர்களில் ஒருவனுக்காவது அந்தக் கல்லில் இடம் உண்டா? இல்லை.

வென்றானாம் பகையை! யார் பகை? அந்தக் கடாரத்து மன்னர் குடும்பம் சோழருக்கு அயலும் அன்று, பகையும் அன்று. கடாரத்து அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே இராசராசன் கொடையாக அளித்தான். தந்தை அளித்த கொடையைச் செப்பேட்டில் வெட்டுவித்து உறுதி செய்தவன் யார்? இதே இராசேந்திரன்! ஒரு கையால் செப்பேடு. மறு கையால் படையெடுப்பு. இடையில் கழிந்தது ஒரு தலைமுறைகூட அன்று.

இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். தமிழ் வணிகரின் கப்பல்களைச் சிறீவிசயத்தார் மறித்தனர், வணிகரைக் காக்கவே மன்னன் படை அனுப்பினான் என்பார்கள். மெய்க்கீர்த்தியில் அப்படி ஒரு சொல்லும் கிடையாது. இது ஆய்வாளரின் ஊகம். ஊகம் சரியாகவே இருக்கட்டும். சீனத்துக்குச் செல்லும் கடல்வழியில் மலாக்கா நீரிணை ஒரு கழுத்து. கழுத்தைப் பிடித்தவன் கையில் வாணிபம். அந்தக் கழுத்தைப் பிடிக்கத்தான் 1511இல் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க் பீரங்கிகளோடு வந்தான். 1641இல் அதே கழுத்தை அவன் இனத்தாரிடமிருந்து டச்சுக்காரன் பறித்தான். வணிகத்தைக் காக்கவே ஆயுதம் எடுத்தோம் என்றுதானே வெள்ளைக் கம்பெனியும் சொல்லிற்று? ஆர்க்காட்டில் சொன்னால் அது சூழ்ச்சி, கடாரத்தில் சொன்னால் அது நீதியா?

தமிழ் வணிகனுக்கு வாள் தேவைப்பட்டதா என்பதையும் பாருங்கள். தென் தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் அதைக் காக்க ஒப்புக்கொண்ட மணிக்கிராமத்தாரையும் குறிக்கிறது. அது ஒன்பதாம் நூற்றாண்டு. இராசேந்திரன் பிறப்பதற்கு முன். சுமத்ராவின் பாரூசில் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டை நிறுத்தியவர்கள் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். குளம் வெட்டினார்கள், கல் நட்டார்கள், உள்ளூராரோடு வாழ்ந்தார்கள். நம் நாமக்கல் முட்டை இன்று கப்பலேறி வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆப்பிரிக்கா வரை போய்த் துளை போடுகிறது. அதற்காக ஓமானை வென்றோம் என்று எவரும் மெய்க்கீர்த்தி பாடுவதில்லையே!

சரி, கொள்ளை கொண்டது கொண்டாகிவிட்டது. கொண்டு வந்த செல்வத்தால் குடிமகன் கண்டது என்ன? இந்த இடத்தில் என்னால் விரைந்து செல்ல முடியவில்லை, தோழர்களே. நான் ஆசிரியன் அல்லவா? இராசேந்திரன் காலத்தில் கல்விக்கு என்ன செய்தார்கள் என்று தேடினேன். எண்ணாயிரம் கல்வெட்டு கிடைத்தது.

விழுப்புரம் வட்டாரத்து எண்ணாயிரத்தில் ஒரு கல்லூரி. 340 மாணவர்கள். அவர்களுக்கு நாள்தோறும் நெற்படி. கல்லூரிக்கு 45 வேலி நிலம். ஆகா, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இலவசக் கல்வி என்று மகிழத் தோன்றுகிறது அல்லவா? பாடத்திட்டத்தைப் பாருங்கள். இருக்கு வேதம் பயில 75 பேர். யசுர் வேதம் பயில 75 பேர். சாம வேதத்தின் இரு பிரிவுகளுக்கு 40 பேர். வாசசனேயம் 20, அதர்வணம் 10, வடமொழி இலக்கண நூலான ரூபாவதாரம் 40. மேல்நிலையில் வியாகரணம் 25, பிரபாகர மீமாம்சை 35, வேதாந்தம் 10. தொல்காப்பியத்துக்கு? ஒருவரும் இல்லை. திருக்குறளுக்கு? ஒருவரும் இல்லை. உழவன் மகனுக்கோ, தறிகாரன் மகனுக்கோ, கப்பலில் துடுப்பு வலித்தவன் மகனுக்கோ இடம்? கேட்கவே வேண்டாம். அதே கோவிலில் திருவாய்மொழி பாடச் சிலருக்குப் படி கொடுத்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாட்டுக்குத் தமிழ், படிப்புக்கு வடமொழி!

இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. பௌதாயனர் வழிவந்த நூல்களைப் பயில அங்கே 10 மாணவர்கள். அந்தப் பௌதாயனர் பெயரால் வழங்கும் தருமசூத்திரம், சாதியை இழக்கச் செய்யும் பாவங்களை வரிசைப்படுத்தும்போது கடற்பயணத்தையும் சேர்த்து வைக்கிறது. கடல் கடந்த படையால் புகழ் பெற்ற மன்னன், கடல் கடப்பதே பாவம் என்ற மரபைக் கற்போருக்கு நெல் அளக்கிறான்! கடலில் போனவன் பாவி. அவன் கொண்டு வந்த பொன் மட்டும் புனிதம். தீட்டு ஆளுக்குத்தான், தங்கத்துக்கு இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்த் தரப்பில் உள்ள உண்மையை ஒளிப்பது நேர்மை ஆகாது. சோழர் கடாரத்தில் தங்கவில்லை. 1028இலேயே சிறீவிசயத்தின் தூதர் சீன அரசவைக்குச் சென்றதைச் சீன ஏடுகள் குறிக்கின்றன. ஆதலின் கடல் கடந்த பேரரசு என்பது பெரும்பாலும் மேடையில் எழுந்த மாளிகை. இலங்கையில் மட்டுமே அவர்கள் நீடித்து ஆண்டனர். அந்நாட்டு மன்னன் ஐந்தாம் மகிந்தனை 1017இல் சிறைப்பிடித்தனர், அவன் சோழ நாட்டுச் சிறையிலேயே மாண்டான். 1070இல்தான் அங்கிருந்து விரட்டப்பட்டனர்.

ஐரோப்பியன் செய்தது வேறு. சாதிக்காய் விளையும் பண்டாத் தீவுகளை 1621இல் டச்சுக் கம்பெனியின் தலைவன் கூன் கைப்பற்றினான். ஊர்த் தலைவர்கள் 44 பேர் தலை வெட்டப்பட்டனர். சுமார் 15,000 மக்கள் வாழ்ந்த தீவுகளில் எஞ்சியோர் ஏறக்குறைய ஆயிரம் பேர். ஒரு நறுமணப் பொருளுக்காக ஓர் இனமே துடைக்கப்பட்டு, அடிமைகளை இறக்கித் தோட்டம் போடப்பட்டது. இதன் முன் சோழன் செய்தது சிறிது என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் மாணவி அளவைக் கேட்கவில்லை, சொல்லைக் கேட்டாள். ஒரே செயலுக்கு இரண்டு சொல் ஏன் என்று கேட்டாள். நாம் எந்தக் கப்பலில் இருந்தோம் என்பதைப் பொறுத்து நாம் சொல்லை மாற்றுகிறோம் என்பதுதான் விடை. அவள் கேள்வியைவிடப் பெரிய கேள்வி ஒன்று அதிலிருந்து பிறக்கிறது. உண்மையில் நாம் எந்தக் கப்பலில் இருந்தோம்?

டச்சுக்காரன் கீழைத் தீவுகளின் நறுமணப் பொருளை எதைக் கொடுத்து வாங்கினான்? பெரும்பகுதி சோழமண்டலக் கரையின் துணியைக் கொடுத்து. பழவேற்காட்டில் அவன் கோட்டை கட்டியதும், 1658இல் நாகப்பட்டினத்தைப் பிடித்ததும் இதற்காக. தமிழகத் தறியில் நெய்தது அங்கே பீரங்கிக்குப் பக்கத்தில் விலைபேசப்பட்டது. அடுத்த ஆண்டே தஞ்சைச் சீமையில் பஞ்சம் தலைகாட்டியது. துணி ஏற்றிய கப்பலில் ஆளையும் ஏற்றினான். ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக விலை பேசப்பட்டு இலங்கைக்கும் படேவியாவுக்கும் போயினர்.

நம்மவர் மறுபடி ஆயுதம் ஏந்திக் கடல் கடந்ததும் உண்டு. 1762இல் ஆங்கிலேயர் கப்பற்படை சென்னையிலிருந்து புறப்பட்டு ஸ்பானியர் வசமிருந்த மணிலாவைத் தாக்கி, அக்டோபர் 6ஆம் நாள் பிடித்தது. 40 இலட்சம் வெள்ளி மீட்புப் பணமாகக் கேட்டது. அப்படையில் சென்னையில் திரட்டிய சிப்பாய்கள் சுமார் 600 பேர். 1764இல் ஆங்கிலேயர் வெளியேறியபோது சில சிப்பாய்கள் கப்பலேற மறுத்து அங்கேயே தங்கினர். மணிலாவை அடுத்த கையின்டா ஊரில் அவர்கள் கால்வழியினர் இருக்கின்றனர். அந்தப் படையெடுப்பில் அறிவோடு நடந்துகொண்டவர்கள் அவர்கள்தாம் என்பது என் எண்ணம். 1811இல் சாவகத் தீவைப் பிடித்த ஆங்கிலப் படையிலும் சென்னைப் படைப்பிரிவினர் உண்டு. யாருக்காகப் பிடித்தார்கள்? கூலிக்கு!

இனி, கடாரத்துக்கே திரும்புவோம். 1786இல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயன் பினாங்குத் தீவில் கொடி ஏற்றினான். அத்தீவு கெடா சுல்தானுடையது. சயாம் படையெடுத்தால் காப்போம் என்று பேச்சு, காக்கவில்லை. ஏமாந்த சுல்தான் 1791இல் தீவை மீட்க முயன்று தோற்றார். 1909இல் கெடா முழுவதும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. பால்மரம் வெட்ட ஆள் வேண்டும். ஆள் எங்கே?

ஆள் இங்கே! 1876 முதல் 1878 வரை வீசிய பெரும்பஞ்சத்தில் மிகக் கொடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று சேலம். நாமக்கல்லும் அன்று அதில் அடக்கம். 1871க்கும் 1881க்கும் இடையில் இம்மாவட்டத்தின் மக்கள்தொகை மூன்றரை இலட்சத்துக்கும் மேல் குறைந்தது. பஞ்சம் போயிற்று, வறுமையும் சேரியும் பண்ணை அடிமைத்தனமும் போகவில்லை. தலைப்பாகையும் கடுக்கனுமாகக் கங்காணி வந்தான். கடனை அடைத்துக் கையில் முன்பணம் கொடுத்தான். அந்த முன்பணமே அடுத்த கடன் என்பதைச் சொல்லவில்லை. ஆள் ஒன்றுக்குத் தனக்குத் தலைக்காசு உண்டு என்பதையும் சொல்லவில்லை. திருச்சி, தஞ்சை, ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக நாகைத் துறைக்கு நடந்தார்கள். கடாரத்து மன்னன் விகாரம் எழுப்பிய அதே நாகப்பட்டினம்! அங்கே கப்பலேறி, பினாங்கில் இறங்கி, கடாரத்துக் காடுகளுக்குள் போனார்கள். ஆயிரம் ஆண்டுகளில் தமிழர் பெருந்தொகையாகக் கடாரம் புகுந்தது அப்போதுதான். வெற்றிக் கொடியோடு அன்று. ஒரு தகரப் பெட்டியோடு.

என்னை வளர்த்த ஆத்தா — என் தந்தையைப் பெற்றவர் — தம் பெரியப்பாவைப் பற்றிச் சொல்வதுண்டு. கங்காணியோடு போனவர். “பெனாங்குக்குப் போயி ரெண்டு வருசத்துல வந்துருவேன்னு சொன்னாராம் சாமி. ஒரே ஒரு கடுதாசி வந்துச்சாம். அதப் படிக்க ஊருல ஆளில்ல.” வேறு ஊர்க்காரர் ஒருவர் படித்துச் சொன்னாராம். தோட்டத்தின் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை.

அங்கே அவர்கள் வாழ்ந்த வாழ்வு எது? லயத்தில் ஓர் அறை, விடியுமுன் பிரட்டு, மாலையில் கூலியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோட்டத்திலேயே கள்ளுக்கடை. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும்! இதை எதிர்த்தும், கூலி உயர்வு கேட்டும் 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். படையை ஏவிச் சுட்டனர். சப்பானியன் வந்தான், 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இரயில்பாதைக்கு அள்ளிச் சென்றான், தண்டவாளத்துக்கு அடியில் பல்லாயிரம் தமிழர் மாண்டனர். 1947இல் கெடாவின் பீடோங் பகுதியில் தோட்டத் தொழிலாளர் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடையை மூடச் சொல்லிப் போராடினர். போலீசு உயிர்ப்பலி கொண்டது. பழைய கடாரத்தின் சிதைவுகள் கிடக்கும் பூசாங் பள்ளத்தாக்கு அங்கிருந்து தொலைவில் இல்லை.

தோழர்களே, கடாரத்தில் தமிழன் நிகழ்த்திய போர் எது என்று கேட்டால், நான் 1947ஐச் சொல்வேன். நாணயம் அடிக்க மாட்டார்கள். அடிக்காமல் போகட்டும்.

வீண் பெருமையால் கேடு என்ன, பேசிவிட்டுப் போகட்டுமே என்பாரும் உண்டு. கேடு நமக்கு இல்லை. நாம் கைதட்டிவிட்டு வீடு போய்விடுவோம். அந்தத் தோட்டத் தொழிலாளியின் பேரனும் பேத்தியும் மலேசியாவில் குடிமக்களாக வாழ்கிறார்கள். வந்தேறிகள் என்ற வசையை அவர்கள் இன்றும் கேட்க நேர்கிறது. இங்கே ஒருவன் மேடையேறிக் கடாரம் எங்களுடையது என்று முழங்கும்போதெல்லாம், அங்கே அவர்கள்மேல் எறிய ஒரு கல்லை எடுத்துக் கொடுக்கிறான்.

வடநாட்டார் எழுதும் வரலாறு நம்மை மறைக்கிறது, அதனால்தான் உரத்துச் சொல்கிறோம் என்று என் நண்பர் ஒருவர் வாதாடினார். மறைப்பது உண்மை. அதற்கு மாற்றாகக் கப்பல் கட்டிய கம்மியனைச் சொல்வோம். காற்றும் மீனும் பார்த்து வழி கண்ட மீகாமனைச் சொல்வோம். தகுவாபாக் குளத்தைச் சொல்வோம். வாளைத்தான் சொல்ல வேண்டுமா?

சென்ற திங்கட்கிழமை வகுப்பில் இவற்றையெல்லாம் சொன்னேன். விழாவில் முழங்கிய மாணவன் முகம் வாடிவிட்டது. “அப்போ அந்தப் பேச்சே தப்பா ஐயா?” என்றான். “எழுதியவன் நான், தப்பு உன்னுடையதன்று” என்றேன். பிறகு எல்லாரிடமும் ஒரு வேலை கொடுத்தேன்: வீட்டில் இருக்கும் ஆத்தா, அப்பாரு, அம்மாயி, அப்புச்சி யாரையாவது கேளுங்கள், மலாயாவுக்கோ கண்டிக்கோ போனவர் குடும்பத்தில் உண்டா என்று எழுதி வாருங்கள்.

38 பேர் கொண்ட வகுப்பு. மறுநாள் 11 பெயர்கள் வந்தன. கேள்வி கேட்ட மாணவி அவற்றைக் கரும்பலகையில் எழுதினாள். ஊர் திரும்பியவர் நால்வர். மற்ற ஏழு பேருக்கு எதிரே எழுத ஒன்றும் இல்லாமல் இடத்தை அப்படியே விட்டு வைத்தாள்.